நிலாவில் விட்டுவந்த இருளாயி

1

இந்தக் கதை ஓர் எண்ணிக்கைப் பிசகிலிருந்து பிறந்தது. பிசகியவன் இதை எழுதுகிறவனேதான். 'நான்' என்று சொல்ல வாய் கூசுகிறது. கபூர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில், யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் துணிக்கடை. மாதப் பத்திரிகையில் 'சந்திரப் பள்ளிக்கூடம்' என்ற விஞ்ஞானத் தொடர்கதை. பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரு வாத்தியார் ஆகாயக் கப்பலேறி நிலாவுக்குப் போகிறார். ஏழாம் அத்தியாயத்தில் கப்பல் திரும்பியது. ஊரே மூக்கில் விரல் வைக்கும் என்று கபூருக்குத் தலைகால் புரியவில்லை.

2

1934, வைகாசி, ஒரு ஞாயிறு. இளவெயில் பொன்னாய்ப்...

(அடித்தாயிற்று. அன்று கொட்டுமழை.)

ரப்பர் தோட்டத்துச் சுப்பம்மா, மகளைக் கையில் பிடித்தபடி நனைந்து வந்து கடைக்குள் நின்றாள். தோட்டத்தில் இருளப்பன் தொடர்கதையை வாசிக்க, லயத்து வரிசைவீட்டுச் சனமே கூடிக் கேட்குமாம்.

"மொதலாளி, போகையில பன்னெண்டு புள்ளைங்க. எறங்குனது பதினொண்ணுதான். இருளாயி எங்கங்க?"

எந்த இருளாயி? கபூர் பழைய இதழைப் புரட்டினான். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி: 'கடைசி வாங்குப் பலகையில் இருளாயி உட்கார்ந்திருந்தாள்.' கடையில் எப்போதோ காதில் விழுந்த பெயர்.

(தினமும் விடிகாலையில் பெரட்டில் நிறுத்தித் தலை எண்ணப்படும் சனம். ஆள் குறைந்தால் அவர்களுக்குத் தெரியாதா? பட்டணத்து வாசகர் ஒருவர்கூட எண்ணவில்லை.)

"அது வெறும் கதை, சுப்பம்மா."

"கதைன்னா புள்ளைய விட்டுட்டு வந்திரலாமா? ஆளு கொறஞ்சா கங்காணியே தேடுவாருங்க!"

யா அல்லாஹ்! ஒரு வரிப் பிள்ளை. அதற்காக மூன்று மைல், இந்த மழையில்!

3

"அடுத்த மாசமே கூட்டிவந்திடுறேன்," என்றான்.

"வேணாங்க."

சொன்னது மகள். அவள் பெயரும் இருளாயி, பத்து வயது.

"ஏன் புள்ள?"

"வந்தா அவளையும் வேலைக்குப் பேரு பதிஞ்சிருவாங்க. என்னைய அடுத்த மாசம் பதியுறாங்க. பள்ளிக்கூடம் முடிஞ்சிருச்சு. அவளாச்சும் அங்க படிக்கட்டுங்க."

"தனியாவா? யாரு சொல்லிக் குடுப்பா?"

"நீங்க எழுதுனா வாத்தியாரு போவாருங்க."

சுப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிலாவையே படைத்துவிட்டதாக நினைத்திருந்த கபூர், அந்தப் பிள்ளையின் முகத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

4

முதல் முடிவு: கப்பல் திரும்பிப் போகிறது, இருளாயி தாயிடம்...

இரண்டாம் முடிவு: வாத்தியார் சிலேட்டோடு நிலாவில் இறங்குகிறார். இருளாயி எழுந்து வணக்கம் சொல்கிறாள்.

இரண்டாவதையே கபூர் அச்சுக்கு அனுப்பிவிட்டான். அதற்கு ஒரு வரி போதுமாயிருந்தது.

கடையில் நின்ற இருளாயிக்கு எத்தனை வரி வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுதுகிறான், அடிக்கிறான். மாதம் பிறந்து அவள் பேர் பதிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. வாசகரே, உங்களுக்கு ஏதாவது தோன்றினால், கதையில் அல்ல, தோட்டத்துக்கு நேரே எழுதுங்கள்.