செப்புக் கழுத்துக்குள் ஒரு கை

கிளறாவின் வலது கை செப்புக்குள் மாட்டிக்கொண்டபோது காலை ஒன்பதரை மணி இருக்கும்.

இத்தாலியில், பல்லரோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், சிஞ்ஞோர் வீத்தோவின் வீட்டில் தங்கி வேலை செய்கிறவள் அவள். ஊர் பேசாலை. சிஞ்ஞோருக்கு எழுபத்தெட்டு வயது. அவருக்குச் சமைப்பது, துவைப்பது, நேரத்துக்கு இன்சுலின் ஊசி போடுவது எல்லாம் அவள்தான். அவர் வாயில் அவள் 'கிளாரா'. மாசி மாதம் வந்தால் இன்னொரு வேலையும் சேர்ந்துவிடும். சியாகுல்லித் தோட்டங்களின் கடைசி மந்தரின் பழங்கள் சந்தைக்கு வந்ததும் சிஞ்ஞோர் இரண்டு பெட்டி வாங்கி, குசினியிலேயே வாலை என்ற செப்பு வடிகலத்தை வைத்துச் சாராயம் வடிப்பார். அனுமதியில்லாமல் வீட்டில் வடிப்பது குற்றம். அதனால் அந்த நாட்களில் வீட்டுக்கு ஒருவரும் வர முடியாது. வாசற்கதவைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்.

வடிப்பதற்கு முதல் நாள் வாலையைக் கழுவ வேண்டும். போன வருடம் ஈரத்தோடு மூடி வைத்ததில் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அது சாராயத்தில் இறங்கினால் நஞ்சு. உப்பும் வினாகிரியும் கலந்து பழந்துணியால் தேய்த்து, சுடுநீரில் மூன்று தரம் அலசி, உடனே துடைத்துவிட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைத் தொடக்கூடாது. செப்பில் கீறல் விழுந்தால் சிஞ்ஞோர் அன்று முழுக்க முணுமுணுப்பார்.

அடிப்பானை பளபளவென்று வந்துவிட்டது. பெரிய வெங்காயம் மாதிரியான தலைதான் மிச்சம். அடிப்பக்கம் அகன்ற வாய். மேலே போகப்போக ஒடுங்கிக் கழுத்தாக வளையும். கழுத்தின் தொடக்கத்தில் களிம்பு திட்டாகக் கிடந்தது. கிளறா கையை உள்ளே விட்டு எட்டித் தேய்த்தாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பெருவிரல் மூட்டு எதையோ தாண்டி உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

சவர்க்காரம் ஊற்றினாள். ஒலிவ் எண்ணெய் ஊற்றினாள். சிஞ்ஞோர் வந்து செப்பைப் பிடித்து இழுத்தார். வலியில் அவளுக்குக் கண் இருட்டியது.

"தீயணைப்புக்காரரைக் கூப்பிடுவோம், சிஞ்ஞோரே."

"பைத்தியமா உனக்கு? வந்ததும் அவர்கள் கண்ணில் முதலில் எது படும்?" வாலையைக் காட்டினார். பிறகு குரல் தாழ்ந்தது. "என்மேல் வழக்கு வந்தால் உன் வேலை ஒப்பந்தம் என்னாகும், கிளாரா? புதன்கிழமை குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ்காரர்களிடம், எந்தக் கடதாசியைக் காட்டுவாய்?"

மிரட்டலைவிட அவர் குரலில் பயம்தான் கூடுதலாக இருந்தது. ஆனால் சொன்னது சரி. அவளுடைய வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கக் கொடுத்து ஏழு மாதம். அந்த ஒப்பந்தம்தான் அதன் அத்திவாரம்.

"பின்னேரம் கத்தானியாவிலிருந்து என் மகள் வருவாள். அதுவரை பொறு."

அவர் அறைக்குள் போனதும் கிளறா இடது கையால் றோஸ்மேரிக்குத் தொலைபேசி எடுத்தாள். றோஸ்மேரி தேவாலயத்தில் பழக்கமானவள். அதே அல்பெர்கேரியாப் பகுதியில் நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள்.

"எங்கடை இவர் வீட்டிலைதான் நிக்கிறார்," என்றாள் றோஸ்மேரி. அவளுடைய கணவர் ஏர்னஸ்ற் குழாய் வேலை செய்கிறவர். "தகரம் வெட்டுற கத்தரி இருக்கு. அனுப்பட்டோ?"

"ஆரையும் உள்ளுக்கு விடமாட்டார், அக்கா. கதவு பூட்டிக் கிடக்குது."

"அப்ப நீ வெளிக்கிட்டு இஞ்சை வா."

"எப்பிடி வாறது?"

கிளறா தொலைபேசியை வைத்தாள்.

பன்னிரண்டரைக்குச் சிஞ்ஞோருக்குப் பசித்தது. சாப்பாடு பிந்தினால் அவருக்குச் சீனி இறங்கிவிடும். கிளறா செப்புத் தலையை மேசையில் சாய்த்துவைத்து, ஒரு கையால் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒரு கையால் பாஸ்தாவை வடித்துக் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். கீழே சந்தைக்காரர்கள் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். இந்த மூன்று வருடங்களில் ஒருநாளாவது அவர்களில் யாரும் தன் குரலைக் கேட்டதில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

முன்கை வீங்கிச் செப்போடு இறுகிவிட்டது. விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைகின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. தன் விரல்களைத் தன்னால் பார்க்கக்கூட முடியாது. பின்னேரம் வரைக்கும் இந்தக் கை இருக்குமா?

எழும்பிப் போய் பல்கனிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

"எங்கே போகிறாய்?"

"வாசல் கதவைத் திறவுங்கள், சிஞ்ஞோரே."

"கிளாரா, உள்ளே வா. ஆட்கள் பார்ப்பார்கள்."

அவள் செப்புத் தலையைத் தூக்கி இரும்புக் கம்பியில் ஓங்கி அடித்தாள். வலி தோள்வரை ஏறியது. இரண்டாம் தரமும் அடித்தாள். ஒலிவ் விற்கிறவன் அண்ணாந்து பார்த்தான். மீன்காரனும் பார்த்தான்.

"அது என்ன, சிஞ்ஞோரா?" என்று கீழேயிருந்து கேட்டான்.

"கை மாட்டிவிட்டது!" என்று இத்தாலியனில் கத்தினாள். "கதவு பூட்டியிருக்கிறது!"

அவளுக்குப் பின்னால், வாசற்கதவில் சிஞ்ஞோர் திறப்பைத் திருப்பும் சத்தம் கேட்டது.

மேசைத் துணியால் செப்பை மூடிக்கொண்டு, பிள்ளையை ஏந்தியவள் போல அவள் சந்தைக்குள்ளால் நடந்தாள். றோஸ்மேரி வீட்டில் ஏர்னஸ்ற் அவளைக் கதிரையில் இருத்தினார்.

"ஆடாதை, தங்கச்சி. செப்பு மெல்லிசு, வெட்டுப்படும். கழுத்துதான் தடிப்பு."

முக்கால் மணித்தியாலம் பிடித்தது. குறட்டால் கழுத்தை விரித்ததும் கை வெளியே வந்தது. கத்தரிக்காய் நிறம். வினாகிரி மணம்.

"மூண்டு மணிக்கு அவருக்கு ஊசி," என்றாள் கிளறா.

"உனக்கு விசரோ?" றோஸ்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "திரும்பியும் அங்கை போகப்போறியோ?"

"வேறை எங்கை போறது? உடுப்பு, பாஸ்போட் எல்லாம் அங்கைதான் கிடக்குது."

போனாள். வெட்டின செப்புத் தலையையும் கொண்டே போனாள். மாலையில் வந்த சிஞ்ஞோரின் மகள் அவளை வைத்தியரிடம் கூட்டிப்போய், பூச்சாடிக்குள் கை சிக்கியது என்று சொன்னாள். கிளறாவும் தலையாட்டினாள்.

புதன்கிழமை குவெஸ்தூராவில் கைரேகை எடுக்க வேண்டியிருந்தது. வலது கை விரல்களைக் கண்ணாடியில் வைத்தபோது கருவி ஏற்கவில்லை. நாலு தரம் முயன்ற அலுவலர்ப் பெண், "வீக்கம் வடிந்ததும் வாருங்கள்," என்று ஆறு வாரம் தள்ளிப் புதுத் திகதி எழுதிக் கொடுத்தாள். கிளறா அதைக் கையில் வைத்தபடி பஸ் தரிப்பில் வெகுநேரம் நின்றாள். இரண்டு பஸ்கள் போய்விட்டன. மூன்றாவதில் ஏறி அந்த வீட்டுக்கே திரும்பினாள்.

அடுத்த கிழமை சிஞ்ஞோர் செப்புத் தலையை எங்கோ கொடுத்து ஒட்டுவித்துக்கொண்டு வந்தார். ஒட்டின தடம் கறுத்திருந்தது. அதை மேசையில் வைத்து, பக்கத்தில் வினாகிரிப் போத்தலையும் வைத்தார்.

"கிளாரா."

"இல்லை, சிஞ்ஞோரே. என் கை இனி இதற்குள் போகாது."

"அப்படியென்றால் யார் கழுவுவது?"

அவள் இடது கையால் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவர் மர அகப்பையில் துணியைச் சுற்றிக் கட்டி, செப்புக்குள் விட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.

"போய்விட்டதா, பார்," என்றார்.

அவள் இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பச்சையாக இருக்கிறது. தேயுங்கள்."