கொசுறுக் கல்

சந்தையில் எங்கள் மாமாவின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். கொசுறு என்று விசாரித்தால் கடை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பூட்டும் கீலும் விற்கிற கடை. மாமா என்றால் என் அக்காவின் புருஷன். பக்கத்துப் பெயின்ட் கடை என்னுடையது. நடுவில் ஒரே சுவர் என்பதால், அவர் பேரம் பேசுவது என் கடையில் ரேடியோ மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

விலையைக் குறைப்பதோடு அவர் நிற்க மாட்டார். குறைத்த பிறகு மேலே ஒன்று சும்மா வர வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை அக்கா ஜுரத்தில் கிடந்தாள். வீட்டுக்கு வந்த டாக்டர் பையை மூடும்போது மாமா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். "அப்படியே எனக்கும் ஒரு பிபி பாத்துடுங்க டாக்டர், கொசுறா." அக்கா சிரித்தாள். ஜுரம் இறங்கியதும் அந்தச் சிரிப்பும் இறங்கிவிட்டது. பிறகு வெளியூரில் ஒரு வேலை தேடிக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேச ஒரு முனையாவது கிடைத்திருக்கும். அதுவும் போடவில்லை.

அவள் விட்டுப்போனது கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியை மட்டும்தான். உப்புத் தண்ணீர், கடல் கற்கள், ஒரு கல் முழுக்கப் பவளம். பச்சைப் பொத்தான்களை அள்ளி ஒட்டியதுபோல இருக்கும். நகத்தளவு துண்டாக வாங்கி அவள் வளர்த்தது. போகும்போது சொன்னாள்: "அங்க ஒரு தொட்டி வச்சதும் வந்து பவளத்தை எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் தண்ணிய மட்டும் மாத்துங்க. புதுசா எதையும் உள்ள போடாதீங்க."

மாமா அதைப் பிடித்துக்கொண்டார். "எடுக்க வருவா இல்ல, மச்சான்? வந்தா உக்காருவா. உக்காந்தா பேசுவா. பேசினா பாத்துக்கலாம்." அவருடைய மொத்த முதலும் அந்தப் பொத்தான்களில்தான் இருந்தது.

ஒருநாள் தொட்டிக்கு உப்பு வாங்க வளர்ப்பு மீன் கடைக்குப் போனவர், நேராக என் கடைக்குள் வந்தார். கையில் தண்ணீர் நிரப்பிய பை. அதற்குள் எலுமிச்சை அளவு கல்.

"என்ன மாமா இது?"

"கல்லு."

"நம்ம கடைக்குப் பின்னாடி லோடு லோடா கெடக்கே."

"இது கடல் கல்லுடா. உப்புக்குக் கொசுறு. இங்க பாரு, இதுல ஒரு பூவும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. கொசுறுக்கே கொசுறு!"

பழுப்பாக, மெல்லிசாக, விரல்களை விரித்தபடி ஏதோ ஒன்று கல்லில் நின்றது. "அக்கா எதையும் போடாதீங்கன்னு சொன்னாளே?"

"வாங்கிப் போடாதன்னு அர்த்தம். இது சும்மா வந்தது."

போட்டார். இறாலை நறுக்கி அதற்கு ஊட்டினார். கொஞ்ச நாளில் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. சுவரைத் தட்டிக் கூப்பிட்டு, மாடு கன்று போட்ட மாதிரி சேதி சொன்னார். அப்புறம் இன்னொன்று. அவள் வரும்போது பவளத்தோடு இதையும் கொடுத்தனுப்பலாம், அசந்துபோவாள் என்றார்.

அசந்துபோனது பொத்தான்கள். பழுப்புப் பூக்களின் பக்கத்தில் இருந்தவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மூடியவை திறக்கவே இல்லை. அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. என் கடையிலிருந்து சுவருக்குப் பட்டி பூசுகிற பிளேடை எடுத்துப்போய்ப் பழுப்புகளைச் சுரண்டித் தள்ளினார். தொட்டி சுத்தமாகிவிட்டது என்று டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் தொட்டி முழுக்கக் குட்டிக் குட்டியாய்ப் பழுப்பு விரல்கள்.

செல்போனில் படம் எடுத்துக்கொண்டு இருவரும் மீன் கடைக்கு ஓடினோம். மீன்காரர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சுரண்டினீங்களா? போச்சு. ஒரு துணுக்கு விழுந்தாலும் அது முழுசா ஒரு ஆளா எழும்பிடும். இது பூ இல்லண்ணே, கொட்டுற ஜாதி. பக்கத்துல இருக்கிறதைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும்."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"கொசுறு கேட்டீங்க. நல்ல கல்லைக் கொசுறா குடுத்தா நான் கடையை இழுத்து மூடணும். நீங்க கொசுறு ஸ்க்ரூ குடுக்கிறப்போ எந்த டப்பாவில கைய விடுவீங்க?"

மாமா செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். துருப்பிடித்த டப்பாவில்தான். சந்தைக்கே தெரியும்.

பழுப்புகளைத் தின்கிற இறால் ஒன்று இருக்கிறதாம். சிவப்பு வரி போட்டது. மீன்காரர் ஒரு தொட்டியைக் காட்டி விலை சொன்னார். மனிதர் அந்த நேரத்திலாவது வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். ஆனால் மாமாவின் வாய் தானாகவே திறந்தது. இழுத்தார், கடையை விட்டு இறங்கினார், திரும்ப ஏறினார். கடைசியில் மீன்காரர் சலித்துப்போய்ப் பக்கத்துத் தொட்டியைக் காட்டினார்.

"அப்போ இதை எடுத்துக்கங்க. இதுவும் செவப்பு, இதுவும் வரி."

"திங்குமா?"

"நல்லா திங்கும்."

"இன்னொண்ணு சேத்துப் போடு."

போட்டார். எதைத் தின்னும் என்று மாமா கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பகலெல்லாம் இறால்கள் கல்லிடுக்கில் ஒளிந்துகொண்டன. ஒருநாள் சாயங்காலம் தொட்டி விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டும் பவளத்தின் மேல் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன. மிச்சமிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி வாயில் போட்டன. பழுப்புகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாமா கையை விட்டுப் பிடிக்கப் பார்த்தார். இடுக்குக்குள் போய்விட்டன. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு விளக்கைப் போட்டார்.

மறுநாள் அக்காவிடமிருந்து போன். "தொட்டி ரெடி. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"வா, வா" என்றார் மாமா. வீட்டைக் கழுவினார். நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தார்.

அக்கா மூடி போட்ட வாளியோடு வந்தாள். நாற்காலியைத் தாண்டிப் போய், மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பவளக் கல்லின் ஓரத்தில் மூடிய பொத்தான்கள் நாலைந்து இருந்தன. மற்ற இடமெல்லாம் பழுப்பு விரல்கள் கொழுத்து ஆடிக்கொண்டிருந்தன.

"இது எப்படி வந்துச்சு?"

"ஒரு கல்லுல."

"ஏது கல்லு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். "கொசுறா குடுத்தான்மா."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மிச்சம் இருக்கிறதையாவது எடுத்துட்டுப் போயேன்க்கா" என்றேன்.

"வேணாம்டா. கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்தாப் போதும், அங்கயும் இதே கதைதான்." பிறகு அவரிடம் திரும்பினாள். "இனிமே இங்க நான் எடுத்துக்க ஒண்ணும் இல்ல. வரமாட்டேங்க."

வாசலில் செருப்பை மாட்டினாள். வார் சரியாகத்தான் இருந்தது. குனிந்து ஒருமுறை சரிசெய்தாள், இன்னொருமுறையும் சரிசெய்தாள். நான் வியாபாரி. நிஜமாகவே போகிற ஆள் படியில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. முதலில் சொல்கிற விலை, பேசுவதற்காகச் சொல்கிற விலை. இது மாமாவுக்குத் தெரியாததா? டாக்டரிடம் பேசினார், மீன்காரரிடம் பேசினார். ஒரு வார்த்தை இழுத்தால் போதும். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா" என்றார்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். திண்டாடிக்கொண்டு நின்ற மாமாவின் கண்ணில் வாளியின் மூடி பட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். இப்போதாவது கேட்கப்போகிறார் என்று நானும் வாசலுக்கு வந்தேன்.

"மூடி" என்று நீட்டினார்.

அவள் வாங்கி வாளியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு போனாள். உள்ளே ஒன்றும் இல்லாத வாளி.