வில்சனுக்குப் பிடி அரிசி

ஆம்பூர் வில்சன் எழுதிய புரோகிராமை யார் எங்கே திறந்தாலும் வில்சனுக்கு ஒரு மூச்சு குறைந்தது. 1998இல் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்போது அதைத் திறக்கிற ஆளே அவன் ஒருவன்தான். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவன், பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டுப் போட்டுப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, ஒரு லாட் தோலில் எத்தனை ஜோடி ஷூ வரும் என்று சொல்லும் புரோகிராமை எழுதினான். அதுவரை அந்தக் கணக்கைத் தோல் மண்டியில் வாய்ச்சண்டையில்தான் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் காப்பி எடுக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று முதல் திரையிலேயே போட்டுவிட்டான் புண்ணியவான். சும்மா வருவதை யார் விடுவார்கள்? பிளாப்பியில் ஏறி வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று போனது. பிரவுசிங் சென்டர் வந்ததும் கான்பூருக்கும், அவன் பெயர்கூடக் கேட்டிராத நாடுகளுக்கும் போனது. போன இடத்திலிருந்தெல்லாம் இங்கே தப்பு வருகிறது, சரிசெய்து கொடு என்று கேட்டார்கள். அதைப் பார்க்கவே பொழுது போதாமல் வில்சன் வேலையை விட்டான்.

முதலில் பயந்தது அவன் மனைவி சாரா. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் கம்பெனிகள் திறக்கும் நேரத்துக்குச் சரியாக, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் புருஷனுக்கு நெஞ்சுக்குழி உள்ளே போவதைப் பார்த்தாள். எக்ஸ்ரேயில் நுரையீரல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சந்தேகத்தில் சாரா, அந்தப் புரோகிராமை வைத்திருந்த பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் டேனரிக்குப் போன் போட்டாள். அங்கே கிளார்க்காக இருந்த குர்ஷித் "இப்போ திறக்கிறேன்க்கா" என்றாள். அந்த நொடியே வில்சனுக்கு மூச்சு அறுந்தது. "மூடிட்டு இன்னொரு வாட்டி திற" என்று சாரா கேட்டாள். மறுபடியும் அறுந்தது. சாரா போனை வைத்துவிட்டு வில்சனிடம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க" என்றாள்.

"குடுத்தது குடுத்ததுதான் சாரா. யார் யார்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது."

அப்போது வந்தார் கலீமுல்லா சாஹிப், பெரிய டேனரி முதலாளி. புரோகிராமால் லாபம் பார்த்தவர், மனசாட்சி உள்ளவர். "எல்லாருக்கும் குடுத்துக்கினே இரு. உன் சம்பளம் என் பொறுப்பு" என்று தன் ஆபீஸிலேயே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். முதல் சம்பளம் வாங்கிய அன்றே வில்சனுக்கு மூச்சு முழுசாகத் திரும்பியது. சாரா சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். ஆனால் ஆம்பூரில் டேனரிகளுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. மற்ற நாளெல்லாம் ராத்திரி ஷிப்டுக்காகத் திறந்தே கிடந்த ஆபீஸ் ஷட்டரை வியாழன் சாயங்காலம் இழுத்ததும் வில்சனின் மூச்சு நின்றுவிட்டது. உடம்பு சூடாக இருந்தது, நாடி ஓடியது, கண் அவளைப் பார்த்தது, நெஞ்சு மட்டும் அசையவில்லை. மூக்கின் கீழே பிடித்த கண்ணாடி தெளிவாகவே இருந்தது. வார்டில் எத்தனையோ சாவு பார்த்தவளுக்கு இது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. விடிந்ததும் சாஹிப் வீட்டுக்கு ஓடினாள். அவர் சாவியோடு வந்து ஷட்டரைத் தூக்கினார். தெருக்கோடியில் இருந்த வீட்டில் வில்சன் இருமிக்கொண்டு எழுந்தான். அதிலிருந்து அந்த ஷட்டரை யாரும் மூடவில்லை, வாட்ச்மேனுக்கு வெள்ளிக்கிழமையும் டியூட்டி.

சாஹிப்புக்குத்தான் நிம்மதி போயிற்று. ஒருநாள் சாராவைக் கூப்பிட்டு, "நான் மவுத்தாயிட்டா என் பசங்க இதை மூடிடுவானுங்கம்மா. அப்போ இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். சாரா டியூட்டிக்குக் கிளம்பினாள். வேலூர் பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே போனாள்.

ஒரு மனுஷனைப் பல பேர் சேர்ந்து காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவள் சர்ச்சில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுப்பார்கள். சர்ச்சில் ஊழியம் செய்த உபதேசியார் குடும்பம் அதில்தான் சாப்பிட்டது. திறக்கிறவர்கள் வாரம் ஒரு பிடி அரிசி அனுப்பவும் என்று முதல் திரையில் எழுதச் சொன்னாள். வில்சனுக்கு மானம் போயிற்று. காசாகக் கேட்டாலாவது கௌரவமாக இருக்குமே என்றான்.

"காசுன்னா மறுபடியும் ஒருத்தரே மொத்தமா குடுத்துடுவாங்க. பிடின்னா யார் கையும் ஒரு பிடிக்கு மேல கொள்ளாதுங்க" என்றாள் சாரா.

ஊரே சிரித்தது. கம்ப்யூட்டர்காரன் அரிசிப் பிச்சை எடுக்கிறான் என்றார்கள். குர்ஷித் மட்டும் விடாமல் அனுப்பினாள். 2004இல் சாஹிப் மவுத்தானார். மூத்த மகன் ஷட்டரை இறக்கிப் பூட்டினான், அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அன்று வில்சனின் நெஞ்சு, குர்ஷித்தின் பிடிக்கு எவ்வளவு அசையுமோ அவ்வளவே அசைந்தது. சாரா பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த மூச்சு வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குர்ஷித் விஷயத்தைக் கேள்விப்பட்டு, டேனரி டேனரியாகப் போன் போட்டுக் கிளார்க்குகளைத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் பேரணாம்பட்டு பஸ்ஸின் கண்டக்டர் ஒரு மூட்டையை இறக்கினார். அடுத்த பஸ்ஸில் வாணியம்பாடி மூட்டை. ரேஷன் அரிசி, பொன்னி, பிரியாணிக்கு வைத்திருந்த சீரகச் சம்பா எல்லாம் கலந்து கிடந்தது. பாதி குழைந்து பாதி வேகாத அந்தச் சோற்றை சாரா ஊட்ட ஊட்ட, வில்சனுக்கு ஒவ்வொரு மூச்சாக வந்தது. ஒரு மூச்சில் அரிசி அனுப்பியவரின் பீடி வாசம், இன்னொன்றில் வெற்றிலை. அவள் அடுத்த கவளத்தை எடுத்தாள்.

2008இல் அமெரிக்காவில் எதுவோ கவிழ்ந்து ஆர்டர்கள் நின்றன. கம்பெனிகள் மூடின, மூட்டைகள் சுருங்கின, மூச்சுக்கு நடுவே மறுபடி இடைவெளி விழுந்தது. அப்போது வெளிநாட்டுத் தபால்தலையோடு ஒரு பொட்டலம் வந்தது. அரிசியும் இல்லை, கேழ்வரகும் இல்லை, சல்லடையில் நிற்காத பொடித் தானியம். கூட இருந்த சீட்டின் எழுத்தைப் படிக்க ஊரில் ஆள் இல்லை. என்னவென்று தெரியாத எதையும் நோயாளிக்குக் கொடுத்தறியாத சாரா, கர்த்தரே என்று சொல்லிக் கஞ்சி காய்ச்சினாள். வில்சன் இரண்டு வாய் குடித்தான். ஆழமாக ஒரு மூச்சு வந்தது. வாரா வாரம் வர ஆரம்பித்ததும் அதற்கு ஒரு டப்பா ஒதுக்கினாள்.

பயம் மட்டும் போகவில்லை. பஸ் ஓடாத நாளிலும் தபால் லீவிலும் சாரா டியூட்டிக்குப் போவதில்லை, வில்சனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரியில் காரணம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.