புத்துக்காளான்

கள்ளிப் புதரை விலக்கிப் பார்த்ததும் தெய்வாத்தாளுக்கு நெஞ்சு நின்றே போய்விட்டது. புத்தைச் சுற்றி விரல் வைக்க இடமில்லாமல் காளான், அத்தனையும் விரியாத மொட்டு. இடித்துப் பெய்த மழை இவளுக்காகவே பெய்ததோ என்னவோ! கல்யாணமாகி வந்த நாளாக இந்தக் கரட்டில் ஏறி இறங்குகிறாள், ஒரு முழுப் புத்து அவள் கண்ணில் பட்டதில்லை. பட்டதெல்லாம் நங்கையா நாச்சியம்மாள் கண்ணில்தான்.

நங்கையா என்றால் தெய்வாத்தாளின் புருஷனுக்கு அக்கா. இப்போது சம்பந்தியும்கூட. மகள் நவ்யாவை அவள் மகன் கிருபாசங்கருக்குத்தான் கொடுத்திருக்கிறது. நவ்யாவுக்கு இது மூன்றாவது மாசம், பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. "காளான் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் சோறு எறங்கும்மா" என்று போனில் அழுதாள். பெற்ற மனசு கேட்குமா? ஆனால் நங்கையாளுக்குக் கிடைத்தால் மொட்டெல்லாம் உடுமலைச் சந்தைக்குப் போய்விடும். போன வருஷம் மருமகள் தட்டுக்கு வந்தது மண் ஒட்டிய அடித்தண்டு. "எங்கூட்ல இதைத்தான் திங்கோணும்" என்றாளாம், மகராசி.

காலையில் அவளும் நங்கையாளும் சேர்ந்துதான் வந்தார்கள். கரட்டுக்குத் தனியாக யாரும் வருவதில்லை. அடிவாரத்தில் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய், அவ்வப்போது "ஊஉய்" என்று குரல் கொடுக்க வேண்டும், மற்றவள் பதில் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் புத்து அகப்பட்டவள் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் ஓடி வந்து பாதிப் பங்கு கேட்டு நிற்பார்களே! அதனால் பதில் வராவிட்டால் கரட்டில் யாரும் பதறுவதில்லை. திருடிக்குக் கிடைத்துவிட்டது போல என்று வயிறெரிந்துகொண்டு தன் வழியைப் பார்ப்பார்கள். இதில் தப்பென்று யாரும் சொன்னதில்லை, நாச்சியம்மாளே எத்தனையோ தரம் செய்ததுதான்.

குத்தவைத்துப் பிடுங்க ஆரம்பித்தபோது வெள்ளைப்பாறைப் பக்கமிருந்து "ஊஉய்" என்று கேட்டது. தெய்வாத்தாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் கேட்டது. கூப்பிடு, தொண்டை கிழியக் கூப்பிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சேலைத் தலைப்பில் மொட்டுகளை அடுக்கினாள்.

"தெய்வாத்தா... அம்மணி... ஒரு எட்டு வா அம்மணி..."

அம்மணியா! 'ஏய்' என்பதைத் தவிர அந்த வாய் அவளை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு மட்டும் என்ன சர்க்கரை? மோப்பம் பிடித்துவிட்டாள். குரல் நடுவில் உடைந்து இழுத்ததுகூட நடிப்பாகத்தான் பட்டது. என்னமாய் நடிக்கிறாள், இவளை டிவியில் போட்டால் ஊரே உட்கார்ந்து அழும். இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். பிறகு சத்தமே இல்லை.

சத்தம் நின்றதும்தான் தெய்வாத்தாளுக்குப் பகீரென்றது. அடிப்பாவி, அவளுக்கும் ஒரு புத்து அகப்பட்டுவிட்டதே! பாதிச் சந்தோஷம் அங்கேயே போயிற்று. முடிச்சைக் கட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் தென்னந்தோப்புப் பின்வழியாக இறங்கினாள்.

தேங்காயும் மிளகும் அரைத்து ஊற்றி, போசி நிறையக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. நவ்யா மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டாள். வாந்தி இல்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கத் தெய்வாத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அத்தையை இன்னும் காணோமேம்மா. நீயும் அவங்களும் ஒண்ணாத்தானே போனீங்க?"

சந்தைக்குப் போயிருப்பாள் என்று சொல்ல வாயெடுத்தபோது கிருபாசங்கர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா சந்தைக்கு வரலையாமுங்க அத்தை. போனும் எடுக்கல. கரட்டுல எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரியுங்களா?"

அந்த உடைந்த குரல் அப்போதுதான் தெய்வாத்தாளின் காதில் விழுந்தது. காலையில் கேட்டது நடிப்பில்லை. வெள்ளைப்பாறை என்று நாக்கு நுனிவரை வந்தது. எப்படித் தெரியும் என்பான். கூப்பிட்டாங்க என்றால், கேட்டும் ஏன் போகலை என்பான். இந்த வீட்டில்தான் நவ்யா பிள்ளை பெற வேண்டும், இவனோடுதான் காலந்தள்ள வேண்டும்.

"கெழக்கால போன மாதிரி இருந்துதுங்க மாப்பிள்ளை" என்றாள்.

அவன் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிழக்கே ஓடினான். மேற்கே வெள்ளைப்பாறைக்கு மேல் கருமேகம் கூடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிடு என்று அவள் மனசு கத்தியது. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நவ்யா போசியைச் சாய்த்து, அடியில் கிடந்த முழு மொட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள்.

"அத்தைக்கும்மா. பசியோட வருவாங்க" என்று அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, பூனை தள்ளாமலிருக்க அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.