ஏழாவது விநாடி

எங்கள் வீட்டில் மொழியை முறையாகப் படித்தவள் நான் ஒருத்திதான். மொழியியலில் ஆராய்ச்சி மாணவி. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி விழுகிறதே, அதுதான் என் ஆராய்ச்சி. சாதாரணமாக அது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதை அளப்பதற்காகச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே அலமாரியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, எட்டு மாதம் எங்கள் வீட்டுக் காலைப் பேச்சைப் பதிவு செய்தேன். வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர்.

அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். அவர் வாய்க்கு முன்னால் வியாபாரிகள் வாயடைத்து நிற்பார்கள். பத்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. கைகால் தேறிவிட்டது, வாய்தான் திறக்கவில்லை. வாராவாரம் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம். போன வாரம் பயிற்சி டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"வீட்ல சொந்தமா ஒரு வார்த்தையாவது சொல்றாரா? இல்லேன்னா அடுத்த வியாழனோட நிறுத்திக்கலாம். இடம் கேட்டு நிறைய பேர் நிக்கிறாங்க."

"இல்ல டாக்டர்," என்றேன் நான்.

"பேசுறாரே," என்றாள் அம்மா.

டாக்டர் என்னைத்தான் நம்பினார். படித்தவள் அல்லவா! திரும்பும் வழியில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"உனக்கு ஆசைம்மா. அதான் இல்லாததெல்லாம் காதுல விழுது."

"உனக்கு எங்கடி அதுக்கெல்லாம் நேரம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் என் பேராசிரியை நான் கொடுத்த அட்டவணைகளை மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சல்லடை.

"மூணு பேர் உக்காந்து சாப்பிடுறீங்க. இதுல ரெண்டு பேர்தான் இருக்கீங்க. மூணாவது ஆள் எங்க?"

"அப்பா பேச மாட்டார் மேடம். அந்த இடத்தையெல்லாம் மௌனம்னு வெட்டிட்டேன்."

"நீ அளக்க வந்ததே மௌனத்தைத்தானேம்மா?"

நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். முதல் பதிவைத் திறந்தேன். "அப்பா, இன்னொரு ரொட்டி வைக்கவா?" என்று என் குரல். ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி. உடனே மறுபடி என் குரல்: "போதும்ல? சரி." இரண்டுக்கும் நடுவில், திரையில் ஓடும் ஒலி வரைபடத்தில் மெலிதாக ஒரு கறை. பெரிதாக்கிப் பார்த்தேன். மூச்சு. சும்மா விடும் மூச்சு அல்ல, பேசப் போகிறவர் சட்டென்று உள்ளே இழுக்கும் மூச்சு. அடுத்த பதிவிலும் அதே மூச்சு, அதன் தலையிலேயே என் குரல். இப்படி முப்பத்தோரு இடம். அப்பா பேச வந்த ஒவ்வொரு தடவையும் நானே அவர் வாயை அடைத்திருக்கிறேன்.

நான் வகுப்புக்குக் கிளம்பிய பிறகும் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தப் பகுதியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பால் பொங்குவதற்குக்கூடப் பொறுமை இல்லாத என் அம்மா, "வெயில் அடிக்குதா? ஜன்னலச் சாத்தவா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். நான்கு விநாடி. ஆறு. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒன்பதாவது விநாடியில் அப்பாவின் குரல் வந்தது.

"வேணாம்."

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக் கேட்டேன். "வேணாம்." நான் அளந்த எந்தப் பேச்சிலும் யாரும் மூன்று விநாடி மௌனத்தைத் தாங்கியதில்லை. அடுத்தடுத்த மாதப் பதிவுகளையும் ஓட்டிக் கேட்டேன். அம்மா ஏழு, எட்டு, ஒன்பது விநாடி தாங்கியிருக்கிறாள், எட்டு மாதமும் தினமும், ஒரு தடவைகூடக் குறுக்கே விழாமல். முதல் மாதம் ஒன்பது விநாடி எடுத்த அப்பா, இப்போது ஏழில் பேசுகிறார். ஒரு வார்த்தை இரண்டாகியிருக்கிறது. நான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, உலகத்தில் யாரும் பார்த்திராத ஒன்றைப் பார்த்துவிட்டவள்போல் வாய் பிளந்திருந்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். "எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"காத்திருக்கிறதா? அவர் பேசுறாரு, நான் கேக்குறேன். இதுல என்னடி இருக்கு?"

நான் மௌனம் என்று வெட்டி எறிந்தது அவளுக்கு அப்பாவின் பேச்சாக இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை என் வரைபடங்களை டாக்டர் முன் வைத்தேன். அவர் புரட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. பயிற்சி போதுமா, இன்னும் வேணுமா?"

அப்பா மூச்சை இழுத்தார். அதைக் கவனிக்காத டாக்டர், "பரவாயில்ல ஐயா..." என்று தொடங்க, நான் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மரியாதை எல்லாம் காற்றில் போனது. மூன்று விநாடி. நான்கு. அப்பாவுக்காக நானே பதில் சொல்லிவிடலாமா என்று என் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். ஆறு. அப்பாவின் உதடு ஒருமுறை கூடி, கலைந்து, மறுபடி கூடியது.

"நாளைக்கே... வரேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அம்மா மட்டும் பையைத் துழாவி, தேதி குறிக்கும் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"எத்தனை மணிக்கு டாக்டர்?"