வேதவாக்கு

நடுவீட்டில் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைக்கைப் பொத்தான் இறுக்கமாக இருந்தது. குமுதா நகத்தை உள்ளே விட்டு நெம்பிக் கழற்றினாள்.

"அத ஏன் அவுக்குற?" என்று அண்ணன் மகேன் தாழ்ந்த குரலில் கேட்டான். "நல்லாத்தானே இருக்கு."

"அப்பா என்னைக்குக் கைப்பொத்தான் போட்டாரு?"

சட்டைக்கையை மேலே ஏற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றித் தோல் கன்றிக் கறுத்திருந்தது. மற்றக் கையிலும் அதே வளையம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைக் கட்டிவைத்த தடம்.

உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள்; மகேன்தான் போய்வந்தான். கேட்டபோதெல்லாம் "அமைதியா தூங்குறாரு" என்றான்.

அந்த எஸ்டேட் லயத்தில் யாருக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தாலும் அப்பா சிவசாமியைத்தான் கூப்பிடுவார்கள். தேயிலை ஆலையில் வேலை முடிந்து வந்த களைப்போடு போய் உட்காருவார். கையைப் பிடித்துக்கொண்டு பதிகம் சொல்வார். போகிறவர்களுக்கு அவர் குரல் தெரியும். தன் முறை வந்ததும் அவருக்குத் தெரிந்தது. ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தை ஒதுக்கினார்.

"உசிரு கெளம்புறப்ப வாயி தானா மூடிக்கும்மா. எத்தன பேரப் பாத்துட்டேன். என்ன இங்கயே விடுங்க. போதும்."

குமுதா கிண்ணத்தை எடுத்துவைத்தாள். "சரிப்பா" என்றாள். அன்று சாயங்காலமே மகேன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அவரைக் கீழே டவுனுக்குக் கொண்டுபோனான்.

இப்போது அவன் தலைமாட்டில் நின்று கைகூப்பினான். கோயில் சமய வகுப்புக்கு அவன்தான் ஆசிரியர். பிள்ளைகள் ஓரமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாஸ்திரம் என்ன சொல்லுது? பெரியவங்க வாக்கு வேதவாக்கு. அவங்க அனுபவத்துக்கு முன்னால நம்ம படிப்பெல்லாம் ஒன்னுமில்ல. எங்க அப்பா வாக்க நான் ஒருநாளும் தட்டுனதில்ல."

குமுதா நிமிர்ந்தாள்.

"அண்ணே, அப்பா கடைசியா சொன்ன வாக்கு என்னா? அதயும் சொல்லு."

"அப்புறம் பேசலாம்லா, குமுதா."

"இப்பவே சொல்லு. கஞ்சி வேணாம், வீட்டுலயே விடுன்னாரு. நீ கையக் கட்டிப்போட்டு மூக்குல கொழாய விட்ட." அவள் அப்பாவின் கையை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். "சாஸ்திரத்துல இதுவும் இருக்கா?"

ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்லம் கையை இழுத்துக்கொண்டாள். பிள்ளைகள் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"பட்டினி கெடந்து சாவட்டும்னு விடச் சொல்றியா?" மகேனின் குரல் உடைந்தது. "கொழாயப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாரு. நான் என்னா செய்ய? நான் மகன். பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியல."

"முடியலன்னா, முடியலன்னு சொல்லு. அவரு வாக்கக் காப்பாத்துனேன்னு சொல்லாத."

அவன் அப்பாவின் சட்டைக்கையை இறக்கிவிட்டான்.

லயத்துப் பெரியவர் தங்கையா வெளியே வானத்தைப் பார்த்தார். "மழை வருது. தூக்குங்கப்பா."

தூக்கினார்கள். ஈர வேட்டியும் வெறுங்காலுமாக, கொள்ளிச்சட்டியோடு மகேன் சவ வேனின் முன்னால் நடந்தான். பெண்கள் லயத்து முனையில் நின்று அழுதார்கள். செல்லம் குமுதாவின் தோளைத் தொட்டாள்.

"அவனும் பாசத்துலதாம்மா செஞ்சான். வுட்டுரு."

குமுதா திரும்பி நடந்தாள். கீழ்வளைவில் கோலா தெர்லாத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரிக்கு வழிவிட்டு வேன் நின்றிருந்தது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. குழாயடியில் வாளியை நிரப்பி வந்து வீட்டுக்குள்ளிருந்தே வீசி ஊற்றினாள். இன்னொரு வாளி. விளக்குமாற்றை அழுத்தித் தேய்த்துத் தள்ளினாள். பூவும் பொரியும் கலங்கிய தண்ணீர் படியிறங்கி ஓடியது.

படியோரத்தில் மகேன் கழற்றிவிட்டுப் போன கறுப்புச் சப்பாத்துகள் இருந்தன. தண்ணீர் அவற்றுள் ஏறியது. குமுதா அவற்றைத் தள்ளி வைக்கவில்லை. அடுத்த வாளிக்குப் போனாள்.