நாணலுக்குள் சதுரங்கள்

“என் படகுதான்னு போட்டுக் குடுத்துட்டு, இப்ப அதே படகுல ஏற வந்து நிக்கறே பாரு, உனக்கு—”

“போட்டெல்லாம் குடுக்கல. அதிகாரி கேட்டார், நான் சந்தேகத்த—”

“கேட்டாராம்! கேட்ட உடனே உனக்குத் தம்பியத் தவிர வேற யாரும் ஞாபகத்துக்கு வரலியா?”

“உன் பேரச் சொல்லலடா. படகுன்னுதான் சொன்னேன்.”

“இந்தத் தண்ணியில ஓடறதே என் படகு ஒண்ணுதான். அப்புறம் என்ன, கப்பலயா பிடிப்பாங்க?”

படகுக் கொட்டகையின் தகரக் கூரை அவன் குரலை வாங்கித் திருப்பி அடித்தது. அக்கா முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை உப்புத்தண்ணீர் வாளியில் முக்கித் தேய்க்கத் தொடங்கினாள். கோபம் வந்தால் அவளுக்கு முதலில் கைதான் வேகம் பிடிக்கும்.

சுற்றுவட்டாரத்தில் காப்பு நிலமாக ஒதுக்கிய சதுப்புகள் எல்லாவற்றிலும் என்னென்ன செடி, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. பிளாஸ்டிக் குழாயை நாலு பக்கமும் இணைத்து ஒரு சதுரம் செய்து வைத்திருந்தாள். அடையாளக் கழி நட்ட இடங்களில் அதைத் தண்ணீரில் இறக்கி, அதற்குள் அகப்பட்ட செடிகளை மட்டும் குனிந்து எண்ணுவாள். காவல்காரர்கள் அவளுக்குச் ‘சதுரம்மா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தம்பிக்குப் படகு. பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வழியாக ஒரு சுற்றுக் காட்டுவான். அந்த அனுமதியில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

போன வாரம் வாய்க்கால் வாயில் ஒரு களை தென்பட்டது. மிதக்கிற ஜாதி; இரட்டை இரட்டையாகச் சின்ன இலை. நகரத்துக் குளத்தைக் கரையோடு கரை மூடிக் கிடப்பது அதுதான். ஒரு துணுக்கு வந்து சேர்ந்தால் போதும், பாய் விரித்தாற்போலப் படர்ந்து, அடியில் இருக்கும் செடிகளை வெயில் காட்டாமலே கொன்றுவிடும். கொஞ்ச நாளைக்கு முன்னால் தம்பி குப்பை அள்ள அந்தக் குளத்துக்குப் படகைக் கொடுத்திருந்தான். அக்கா இதையும் அதையும் முடிச்சுப் போட்டாள். அதிகாரியிடம் சொல்லியும் விட்டாள். களை எதுவரை போயிருக்கிறது என்று இன்றைக்கு அவள் பார்த்துச் சொன்னால், நாளைக்குப் படகுக்குத் தடை.

“அடிப்பலகைய நல்லாத் தேய்ச்சுக் கழுவினேன்க்கா. உன் மருமகதான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்தினா, வேணும்னா அவளக் கேளு.”

“நீ கழுவற லட்சணம் எனக்குத் தெரியாதா? சாப்பிட்ட தட்ட நனைச்சு வச்சுட்டு, கழுவிட்டேன்னு சொல்ற ஆளு.”

“நீ மட்டும் என்ன? உப்புல முக்கி முக்கி உன் பூட்ஸ் கருவாடாயிடுச்சு. ஏறு, ஏறு. வெயில் வந்துடும்.”

அவள் சதுரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். வழிநெடுக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாணல் தொடங்கும் இடத்தில் படகு முட்டி நின்றது. அதற்கு மேல் படகு போகாது, அவ்வளவு நெருக்கம்.

“ரொம்ப உள்ள போகாதே. சேத்துல மாட்டிக்கிட்டு, தம்பீன்னு கத்தினா வரமாட்டேன்.”

“வராதே, போ.”

நாணலை விலக்கிக்கொண்டு நடந்தவள் முதல் கழியைக் கண்டதும் நின்றாள். கழியைச் சுற்றிப் பச்சைப் பாய். இரட்டை இலை. ‘படுபாவி, இதுவரைக்கும் கொண்டாந்துட்டானே’ என்று அவளுக்கு வயிறு எரிந்தது. சதுரத்தை இறக்கி அளவு பார்த்தாள். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தாள்.

நடக்க நடக்கத் தண்ணீர் சுத்தமாக இருந்தது. குனிந்து நாணலின் அடியை விலக்கிப் பார்த்தாள். ஒரு துணுக்கு இல்லை. சரி, அதோடு நின்றுவிட்டது என்று மூச்சு விட்டவள், அடுத்த கழிக்கு வந்து மறுபடி நின்றாள். அங்கேயும் பாய். அங்கேயும் சதுரத்தை இறக்கி அளந்தாள். அதைத் தாண்டி மறுபடி தெளிந்த தண்ணீர். அதற்கடுத்த கழியில் மறுபடி பாய், மறுபடி அளவு.

கழி இருக்கும் இடத்தில் மட்டும்.

“என்னக்கா, சத்தத்தையே காணோம்?” தம்பியின் குரல் நாணலுக்கு மேலாக வந்தது.

“டேய்… இங்க உள்ள உன் படகு வராதில்ல?”

“இது என்ன கேள்வி? வரணும்னா நான்தான் அதத் தலையில தூக்கிட்டு வரணும்.”

“வேற யாராவது வருவாங்களா?”

“அந்தச் சேத்துக்குள்ள வர்றதுக்கு உன்னத் தவிர வேற யாருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு?”

அவள் கால்களைப் பார்த்தாள். பூட்ஸ் இல்லை, பூட்ஸாக இருக்கவே முடியாது. ஒட்டியது எதுவும் சாகும்படி உப்பில் முக்கி, வெயிலில் காயவைத்து, பிறகுதான் மாட்டுவாள். தோளிலிருந்து முதுகில் ஏதோ சில்லென்று வழிந்தது. சதுரத்தை இறக்கினாள். குழாயின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டைகளை இந்தப் பருவத்தில்தான் போட்டாள். வெறும் குழாய் மிதந்து மிதந்து காற்றுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. தண்ணீர் உள்ளே போனால் அமுங்கி நிற்கும் என்று பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அவளே துளைத்தாள். கெட்ட தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம் என்பதால், ஒவ்வொரு முறையும் முதலில் நகரத்துக் குளம், பிறகு இங்கே.

சதுரத்தைச் சாய்த்து ஓர் ஓட்டைக்குக் கீழே கையை வைத்தாள். தண்ணீரோடு உள்ளங்கையில் வந்து விழுந்தன: பச்சையாக, புத்தம் புதிதாக, இரட்டை இரட்டையாக.

வாய்க்கால் வாயிலும் அவள் கழி ஒன்று நிற்கிறது. இன்றைக்கும் மூன்று இடத்தில் சதுரத்தை இறக்கியாயிற்று. தாவணிப் பருவத்திலிருந்து ஒரு பூவைக்கூடக் காரணமில்லாமல் பறிக்காதவள், கை நிறையக் களையோடு நின்றாள்.

எப்படித் திரும்பி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சதுரத்தின் ஓட்டைகளைக் கைக்குட்டையாலும் முந்தானையாலும் அடைத்துப் பிடித்தபடி வந்தாள். படகில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தம்பி எட்டிப் பார்த்தான், சதுரத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

“அக்கா… இது அதுக்குள்ளயிருந்தா?”

“ம்.”

“ஐயோ.” துடுப்பைக் கீழே வைத்துவிட்டான். “சரி, சரி, அழாதே. கரைக்குப் போய் இந்தச் சதுரத்தக் கொளுத்திடலாம். காத்துல வந்துச்சுன்னு சொல்லிக்கோ. இத்தன வருஷம் எடுத்த பேரு என்னாகறது?”

“காத்துன்னா எவன் நம்புவான்? கடைசியில உன் படகு தலையிலதான் விடியும்.”

“விடியட்டும்க்கா. நான் வேற தண்ணி பாத்துக்கறேன்.”

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். ஈரக்கையில் அது வழுக்கியது.

“சொல்லுங்க மேடம், எதுவரைக்கும் போயிருக்கு அந்தப் படகு?” என்றார் அதிகாரி.

“படகில்ல சார். நான்தான். நகரத்துக் குளத்துலருந்து என் சதுரத்துக்குள்ள வந்திருக்கு. நான் இறக்கின இடத்துல எல்லாம் இருக்கு.”

“நீங்களா?”

“நானேதான் சார்.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. “படகு விஷயத்த நிறுத்தச் சொல்லிடறேன். நான்… மேல பேசிட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டார்.

தம்பிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. “எத்தன நாள்! கழுவுடா, கழுவுடான்னு என் உசுர வாங்கினியே, மகராசி…” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது.

“அக்கா, இந்தப் பருவத்துல இந்தச் சதுரத்த வேற எந்தெந்தத் தண்ணியிலல்லாம் இறக்கினே?”